அம்முலு பஸ் ஏறிய புதன்கிழமை

அம்முலுவுக்குக் கொஞ்ச நாளாகவே வயிற்றெரிச்சல். டாக்டரிடம் போய்க் காட்டுகிற எரிச்சல் இல்லை அது. எதிர்த் தெரு ஷீபா நன்றாக இருந்தாள், அதுதான் வியாதி. இதற்கு எந்த மெடிக்கலில் மாத்திரை கொடுப்பார்கள்?

உத்திரமேரூரிலிருந்து வரும் டவுன் பஸ் கடைசியாக வந்து திரும்பிப் போகிற ஊர் அது. பஸ் திரும்புகிற இடத்தில் தகரக் கூரை போட்டிருக்கிறதே, அதுதான் அம்முலுவின் இட்லிக் கடை. கடை போட்டபிறகு, ஊரில் முதன்முதலாகக் குழு லோனுக்கு ஆள் சேர்த்தவளும் அவள்தான். புருஷன் சேட்டு டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறான். மாமனார் காலத்து நிலத்தில் பாதி கைவிட்டுப் போய்விட்டது, ஆனால் பேச்சில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. "நாங்க பத்து பேருக்கு வேல குடுத்த குடும்பம்" என்பாள் அம்முலு, சட்னிக் கரண்டியை ஆட்டிக்கொண்டே. கேட்பவன் இட்லிக்காக நிற்கிறவன். தலையாட்டாமல் என்ன செய்வான்?

குழு லோனுக்கு அடமானம் கிடையாது, பத்திரம் கிடையாது. ஐந்து பெண்கள் சேர வேண்டும். ஒருத்தி கடனுக்கு மற்ற நாலு பேரும் பொறுப்பு. புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு லோன் ஆபீசிலிருந்து வினோத்குமார், கணக்குப் பதிகிற டேப்லெட் டேப்பைத் தூக்கிக்கொண்டு பைக்கில் வருவார். அம்முலுதான் லீடர் என்பதால் அவள் வீட்டு வாசலில்தான் பாய் விரிக்கப்படும். ஐந்து பேரும் தவணை கட்டி முடிக்கிறவரை ஒருத்தியும் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் சுருக்குப் பையைத் துழாவி அவள் பங்கையும் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். போன தை மாதம் பக்கத்து ஊரில் ஒருத்தி பெரிய பையோடு பஸ் ஏறினாள், ஏறினவள் ஏறினவள்தான். அவள் கூட்டாளிகள் நாலு பேரும் இன்றைக்கும் அவள் கடனைக் கட்டிக்கொண்டு மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் குழுவில் ஷீபாவைச் சேர்த்ததே அம்முலுதான். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். தான், பிரபா, செல்லம்மாள், ஜெனிஃபர் என்று நாலு பேர் தேறினார்கள், ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. ஷீபாவின் அம்மா மேரி ஒரு காலத்தில் அம்முலுவின் மாமனார் நிலத்தில் நாற்று நட்டவள். ஷீபாவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். "பாவம், பொழச்சிப் போவட்டும்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லித்தான் அம்முலு அவளைச் சேர்த்துக்கொண்டாள். பிழைத்துப் போகட்டும் என்றுதானே சொன்னாள்? இவ்வளவு பிழைக்கச் சொன்னாளா?

ஷீபா லோன் பணத்தில் ஒரு கிரைண்டர் வாங்கி, இட்லி மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தாள். அவள் புருஷன் ஜான்சன் மொபெட்டில் இரண்டு பக்கமும் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். முதலில் அம்முலுவின் தெருவில் வாங்கத் தயங்கினார்கள். ஏன் தயங்கினார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அம்முலு நிம்மதியாக இருந்தாள். அப்புறம் ஒரு வீட்டில் கிரைண்டர் ரிப்பேரானது. அந்த வீட்டு மருமகள் ரகசியமாக ஒரு பாக்கெட் வாங்கினாள், தோசை நன்றாக வந்தது. நாக்கு ஒத்துக்கொண்டது, தெருவும் ஒத்துக்கொண்டது.

வீட்டிலேயே மாவு இருக்கும்போது எவன் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்து இட்லி தின்பான்? அம்முலுவின் அண்டாவில் இட்லி மிஞ்ச ஆரம்பித்தது. மத்தியானம் அதை உப்புமாவாக உதிர்த்து உதிர்த்து அவளுக்கே வெறுத்துப்போனது.

ஒருநாள் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் அடுப்பில் தோசைக்கல் சூடாக இருக்கிறது. சேட்டு விரலைச் சூப்பிக்கொண்டிருக்கிறான்.

"இன்னாய்யா துன்ன?"

"தோசமே."

"மாவு ஏது?"

சேட்டு சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வயல்லேர்ந்து வந்தேனா, நல்ல பசி. ஜான்சன் வண்டில போய்க்கினு இருந்தான். ஒரு பாக்கெட் வாங்கினேன்."

"இட்லிக் கடக்காரி புருசன் மாவு பாக்கெட் வாங்கித் துன்றான்னு ஊர்ல சிரிக்க மாட்டாங்க? உனுக்கு வெக்கமா இல்ல?"

"ஊர்ல அல்லாரும்தான் துன்றாங்க. நல்லா மொறுமொறுன்னு கீதுமே" என்றான் அந்தப் புண்ணியவான். பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாத வார்த்தையை எப்படித்தான் தேடிப் பிடிப்பார்களோ இந்த ஆம்பிளைகள்! அதற்கப்புறம் இரண்டு நாள் அவனுக்கு வீட்டில் காபி கிடைக்கவில்லை.

ஷீபா மாவில் சோடா உப்பு அள்ளிப் போடுகிறாள் என்று அம்முலு கிளப்பிவிட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை. சரி, தானே பார்த்துவிடலாம் என்று பிரபாவை விட்டு ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொன்னாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இட்லி ஊற்றினாள். கல்லாக வரட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டுதான் மூடியைத் திறந்தாள். தட்டில் இட்லி பூத்துக் கிடந்தது, தொட்டால் விரல் அமுங்கியது. வெளியே வைத்தால் சேட்டு பார்த்துவிடுவான் என்று நின்றபடியே அத்தனையையும் தானே தின்று தீர்த்தாள். கடைசி இட்லியை விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு அவ்வளவு ஆத்திரம்.

இந்த லட்சணத்தில் ஒரு புதன்கிழமை, தவணை எல்லாம் கட்டி முடித்தபிறகு, வினோத்குமார் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஷீபா அக்கா பெரிய லோன் கேட்டிருக்காங்க. ஏனாத்தூர் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ல தெனம் மாவு சப்ளை பண்ணச் சொல்றாங்களாம். அதுக்குப் பெரிய கிரைண்டர் வாங்கணும். அடுத்த புதன் நீங்க அஞ்சு பேரும் கண்டிப்பா இருக்கணும். ஒவ்வொருத்தரும் சம்மதம்னு ரேகை வெக்கணும், நான் போட்டோ எடுக்கணும். ஒருத்தர் இல்லாட்டியும் சிஸ்டம் எடுத்துக்காது."

"அந்த வாரத்துக்குள்ள மெஸ்ல பதில் சொல்லணும் சார்" என்றாள் ஷீபா. "இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அல்லாரும் வந்துருங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அதுக்கு இன்னாடி, வந்துட்டாப் போச்சு. நீ நல்லா இருந்தா எங்களுக்கு சந்தோசம் இல்லியா?" என்றாள் அம்முலு. வாய் அப்படிச் சொன்னது. உள்ளே என்னவெல்லாம் ஓடியது என்று கேட்காதீர்கள்.

ஒரு வாரம் முழுக்க அவள் யோசித்தாள். பெரிய கிரைண்டர் வந்துவிட்டால் ஹாஸ்டலோடு நிற்குமா? மிச்ச மாவெல்லாம் ஊருக்குள்தான் வரும். அப்புறம் தகரக் கூரையைப் பிரித்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, ஷீபாவிடம் பாக்கெட் ஒட்டுகிற வேலைக்குப் போக வேண்டியதுதான். மேரி பெண்ணிடம் கூலி!  வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்து சொல்லலாம். ஆனால் லீடர், நல்லவள், பிழைத்துப் போகட்டும் என்று சொன்னவள், அவள் எந்த முகத்தோடு வேண்டாம் என்பாள்? அதனால் முகத்தைக் காட்டாமலே இருந்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஒருத்தி இல்லாவிட்டாலும் சிஸ்டம் எடுத்துக்கொள்ளாது. சிஸ்டம்மேல் பழி, தன்மேல் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை கடையைச் சீக்கிரமே மூடினாள். சேட்டு வயலுக்குப் போயிருந்தான். ஐயங்கார்குளம் ஆஞ்சநேயருக்கு வேண்டுதல் என்று மனசுக்குள் ஒரு சாக்கைத் தயார் செய்துகொண்டாள். காஞ்சிபுரம் வழியாகத்தானே போகப்போகிறோம், அப்படியே நாலு புடவைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்துவிடலாம் என்று பெரிய பையில் திணித்தாள். தவணைப் பணத்தைப் பிரபாவிடம் கொடுத்தால் ஏன், எதற்கு என்று துருவுவாள், அடுத்த வாரம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். யாரும் கூப்பிட்டு உயிரை வாங்கக் கூடாது என்று போனையும் அணைத்தாள். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

பஸ் ஸ்டாப்பில் டீக்கடை இருசப்பன் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா அம்முலு, மூட்ட முடிச்சோட கெளம்பிட்ட?"

"கோயிலுக்கு."

"எந்தக் கோயிலு?"

"ஐயங்கார்குளம்."

"ஆஞ்சநேயருக்குப் புதன்கெழமைல இன்னா விசேசம்?"

பஸ் வந்துவிட்டது. அவள் பையை இடுக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

கோயிலில் கூட்டமே இல்லை. அம்முலு பிராகாரத்தைச் சுற்றினாள், சன்னதி முன்னால் கை கூப்பி நின்றாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஷீபா நாசமாகப் போகட்டும் என்று கேட்கலாமென்றால் வாய் வரவில்லை, அவ்வளவு கெட்டவள் இல்லை அவள். கடைசியில், "அவளும் நல்லா இருக்கட்டும் சாமி. ஆனா என்னவிடக் கொஞ்சம் கம்மியா நல்லா இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டாள். நியாயமான கோரிக்கை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. குளத்துப் படியில் உட்கார்ந்து, இந்நேரம் பாய் விரித்திருப்பார்கள், இந்நேரம் ஷீபா தெருவை எட்டிப் பார்த்திருப்பாள், இந்நேரம் வினோத்குமார் கிளம்பியிருப்பார் என்று ஒவ்வொன்றாக ரசித்தாள். நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை, பசிதான் வந்தது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது இருசப்பன் கண்ணாடி டம்ளரைப் போட்டுவிட்டு அலறினார். "ஏய், வந்துட்டாடா! அம்முலு வந்துட்டா!"

என்ன இது என்று புரியாமல் தெருவுக்குள் நடந்தாள். தன் வீட்டு வாசலில் கூட்டம். வாசல் நிறையச் செருப்பு. சேட்டுவுக்கு என்ன ஆனதோ என்று அவளுக்கு உயிரே போய்விட்டது, பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். சேட்டு முழுசாக, சேற்றுக்காலோடு நின்றுகொண்டிருந்தான். பூட்டின கதவுக்கு முன்னால் பாய் விரித்திருந்தது. பாயில் நாலு பேரும் காலையில் உட்கார்ந்தவர்கள் அப்படியே இருந்தார்கள்; தவணை விழுந்தாலும் ஆள் வருகிறவரை எழுந்திருக்கக் கூடாது என்று ஆபீஸ் உத்தரவாம். பக்கத்தில் வினோத்குமார் சட்டை நனைந்து தொங்கிப்போய் நின்றார்.

"எங்கமே போய்த் தொலஞ்ச?" என்று சேட்டு கத்தினான். "டிராக்டர நடு வயல்ல வுட்டுட்டு வந்து நிக்கிறேன்! நீ ஓடிட்டன்னு ஊரே சொல்லுது!"

"ஓடிட்டனா? நானா?"

"பின்ன?" செல்லம்மாள் பாயிலிருந்தே கையை நீட்டினாள். "லோன் கெழமைல பெரிய பைய தூக்கிக்கினு பஸ் ஏறுற. போன ஆஃப் பண்ற. வூட்டப் பூட்டிட்டுப் போற. தவண குடுக்கல. நாங்க இன்னாடி நெனப்போம்? உன் கடனயும் நாங்கதான கட்டணும்!"

அம்முலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு ரேகைக்குப் பயந்து ஒளிந்துகொள்ளப் போனவள் கடனுக்கு ஓடினவள் ஆகிவிட்டாள்.

"கோயிலுக்குப் போனேன்" என்றாள்.

"சரிக்கா, போயிருக்கலாம்" என்றார் வினோத்குமார். "தவணைய இவங்க யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கலாமே? ஒரு போன் பண்ணியிருக்கலாமே? ஆபீஸ்ல மேனேஜர் என்னைப் புடிபுடின்னு புடிக்கிறாரு. ஓடிப்போன ஆள்னு போட்டுட்டா உங்களுக்கு மட்டும் இல்ல, இந்தக் குழுவுல யாருக்கும் இனிமே லோன் கெடையாது. உண்மையச் சொல்லுங்க, எதுக்குப் போனீங்க?"

தெருவே அவள் வாயைப் பார்த்தது. கோயில் என்றால் நம்பமாட்டார்கள். வேறு காரணம் சொல்ல வேண்டும். அந்த வேறு காரணம் அவள் நாக்குக்கு அடியில்தான் இருந்தது, வெளியே மட்டும் வரமாட்டேன் என்றது. கடனுக்கு ஓடினவள் என்று பெயர் எடுப்பதா, பொறாமைக்காரி என்று பெயர் எடுப்பதா? கடங்காரி என்றால் கடையில் ஒருத்தனும் கடனுக்கு அரிசி தரமாட்டான். பொறாமைக்காரி என்றால் மேரி பெண் முன்னால் தலை நிமிர முடியாது. அம்முலு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஷீபா பாயிலிருந்து எழுந்தாள்.

"அக்கா ஓடல சார். நான் காலைலேர்ந்து தலப்பாடா அடிச்சிக்கிறேன், யாரும் கேக்கல. கடைய வுட்டுட்டு எங்க ஓடுவாங்க? என் லோனுக்கு ரேகை வெக்க அவங்களுக்குப் புடிக்கல, அதான் போயிட்டாங்க. என்மேல பொறாமை. அவ்ளோதான்."

 செல்லம்மாள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "அட, அவ்ளோதானா!"

பிரபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெனிஃபர் காலை நீட்டி மடக்கி, "நான் இன்னாமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாள். பின்னாலேயே வந்திருந்த இருசப்பன், "அது தெரிஞ்ச கததானே" என்று கடைக்குத் திரும்பினார். வினோத்குமாரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. சேட்டுவாவது தன் பக்கம் பேசுவான் என்று பார்த்தாள். அவன், "நானும் அதத்தான் நெனச்சேன்" என்று தலையைச் சொறிந்தான். ஒருத்தர் விடாமல் நம்பினார்கள். இத்தனை மாதம் அவள் உள்ளுக்குள் வயிறெரிந்ததெல்லாம் ஊருக்கே தெரிந்திருந்தது. யாருக்கும் கோபமில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலாம் என்று இருந்தது.

"இப்ப சொல்லு" என்றாள் ஷீபா அவளுக்கு நேராக வந்து. கண் சிவந்திருந்தது, காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்த கண். "வேணான்னா வேணான்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லு. நான் மெஸ்ஸுக்கு போன் பண்ணி முடியாதுன்னுட்டுப் போறேன். பஸ் ஏறி ஓடாத."

இனிமேல் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மானம் போனபிறகு அம்முலுவுக்கு வாய் வந்துவிட்டது.

"ஆமாண்டி, பொறாமைதான்! என் கடைல இட்லி மிஞ்சுது, உன் வூட்ல பாக்கெட் பத்தல. எனக்குப் பத்திக்கினு எரியாதா? நீ ஏனாத்தூருக்கு லாரில கூட அனுப்பு, நான் கேக்கல. நம்ம ஊர்ல காலைல நாஷ்டா நேரம் என்னுது. என் கட மூடுறவரைக்கும் உன் புருசன் வண்டிய தெருவுல எடுக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கினா ரேகை வெக்கிறேன்."

ஷீபா யோசித்தாள். "சாயங்காலம் விக்கலாமா?"

"வித்துக்க."

"ஞாயித்துக்கெழம சர்ச் முடிச்சு வர்ற ஜனம் மாவு கேக்கும்க்கா."

"ஞாயித்துக்கெழமையும் கெடையாது."

"கிறிஸ்துமசுக்கு?"

அம்முலு பல்லைக் கடித்தாள். "சரி, ஞாயித்துக்கெழம உனுக்கு. மிச்ச நாள் என்னுது."

"சரிக்கா" என்றாள் ஷீபா. கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

வினோத்குமார் டேப்பை நீட்டினார். அம்முலு விரலைப் புடவையில் துடைத்து அழுத்தினாள். போட்டோவுக்கு முகத்தைக் காட்டினாள். அவர் தயங்கி, "கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்கக்கா" என்றார்.

"ரேகை வெச்சாச்சு இல்ல? சிரிக்கணும்னு ஆபீஸ்ல சட்டமா?" என்றாள். அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். சேட்டு டிராக்டரை எடுக்க ஓடினான். ஷீபா மட்டும் நின்றாள், அம்முலுவின் பங்குத் தவணையைப் போட்டது அவள்தான். அம்முலு கதவைத் திறந்து உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். ஷீபா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள், ஆனால் நகரவில்லை.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியேக்கா?"

"இன்னும் இன்னா கீது சொல்றதுக்கு? சொல்லு."

"நூறு நாள் வேலைக்குப் போய்க்கினு இருந்தப்ப உன் கடையத் தாண்டித்தான் போவேன். என் தலைல மண்ணுத் தட்டு. நீ கால் மேல கால் போட்டுக்கினு உக்காந்திருப்ப. ஆம்பளைங்க அல்லாரும் அக்கா ரெண்டு, அக்கா நாலுன்னு உன்கிட்ட கைய நீட்டிக்கினு நிப்பாங்க. பொழுதன்னைக்கும் எனக்கு அதே நெனப்பு. சோறு எறங்காது. இன்னாடி உனக்குன்னு ஜான்சன் கேட்டுச்சு. அந்த அம்முலு கட எரிஞ்சி போவக் கூடாதான்னு சொன்னேன்."

"என் கடையா?"

"ஆமா. சொல்லிட்டு நானே பயந்துபோயி ஜெபம் பண்ணேன். அந்த வாரந்தான் நீ வந்து குழுல சேர்றியான்னு கேட்ட. உன்ன மாரி ஒருநாள் உக்காரணும்னுதான் கிரைண்டரே வாங்கினேன்."

கடை எரிய வேண்டும் என்று நினைத்தவளை அம்முலு துடைப்பத்தால் அடித்திருக்க வேண்டும். அடிக்கத் தோன்றவில்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாள்! ஒருத்தரும் இதுவரை அவளிடம் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. மேரி ஒரு நாளும் உட்காராத வாசல்படியில் அம்முலு ஒதுங்கி இடம் விட்டாள்.

"உக்காருடி" என்றாள். "கால் மேல கால் போட்டுக்கினு இருந்தேன்னியே, அதுலேர்ந்து இன்னொரு தபா சொல்லு. மெதுவா சொல்லு."